பாடகியா, நடிகையா: யமகுச்சி மொமொயேயின் ஏழரை ஆண்டுகள்

யமகுச்சி மொமொயே ஏழரை ஆண்டுகள் மட்டுமே மேடையிலும் திரையிலும் இருந்தார். 21 வயதில் விலகினார். பிறகு ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. அப்படியிருந்தும் ஜப்பானில் அவர் பெயர் இன்றுவரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது, அவரைப் பாடகி என்று கொள்வதா தொலைக்காட்சி நடிகை என்று கொள்வதா, புதிதாக அறிய விரும்புபவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும் என்று நினைக்கிறேன்.

1970களின் ஜப்பானியக் கேளிக்கைத் துறையில் பாடகி, நடிகை என்ற பிரிவினை இளம் நட்சத்திரங்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய இல்லை. 'ஜிமுஷோ' எனப்படும் மேலாண்மை நிறுவனம் 13, 14 வயதில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போடும். மூன்று மாதத்துக்கு ஒரு பாட்டு, வாரந்தோறும் ஒரு தொலைக்காட்சித் தொடர், கோடை விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் ஒவ்வொரு திரைப்படம், இடையிடையே சாக்லெட் விளம்பரம் என்று அவளுடைய ஆண்டு முழுவதையும் முன்கூட்டியே பங்கு போட்டுவிடும். தொடரில் அழுதவளே அந்தத் தொடரின் பாட்டையும் பாடுவாள். பாட்டைக் கேட்டவர் தொடரைப் பார்ப்பார், தொடரைப் பார்த்தவர் இசைத்தட்டை வாங்குவார். மொமொயேயும் இந்த ஏற்பாட்டில் உருவானவர்தான். அவருடைய பாதையைத் தனித்துப் பார்க்கவைப்பது, அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே, எதைப் பாடுவது, யாருடைய சொல்லைப் பாடுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளை அவர் ஒவ்வொன்றாகத் தம் கைக்குக் கொண்டுவந்த விதம்தான். என் பார்வையில் அவருடைய வாழ்க்கைத்தொழிலின் கதை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

அவர் 1959 ஜனவரி 17 அன்று தோக்கியோவில் பிறந்தார். வளர்ந்தது பெரும்பாலும் கனகாவா மாகாணத்தின் யோகோசுகாவில். அமெரிக்கக் கடற்படைத் தளமும் ஜப்பானின் சொந்தக் கடற்படைத் தளமும் உள்ள துறைமுக நகரம் அது. கடலை ஒட்டிய சிறு சமவெளி, அதன் பின்னால் செங்குத்தாக ஏறும் தெருக்கள். தந்தைக்கு வேறொரு குடும்பம் இருந்தது. தாய்தான் இரண்டு பெண்களையும் வளர்த்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே மொமொயே செய்தித்தாள் போடும் வேலைக்குப் போனார். இந்தத் தகவல்களைப் பிற்காலத்தில் எந்தப் பத்திரிகையும் தோண்டியெடுத்துத்தான் சொல்ல வேண்டும் என்ற நிலை இல்லாதபடி, அவரே தம் புத்தகத்தில் எழுதிவிட்டார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நிப்பான் தொலைக்காட்சியில் 1971இல் தொடங்கிய 'ஸ்டார் தஞ்ஜோ!' (நட்சத்திரம் பிறந்தது) என்ற திறமைத் தேர்வு நிகழ்ச்சிதான் அவருக்கு வாசல். தம் வயதே உள்ள மோரி மசாகோ அதில் வென்று பாடகியானதைப் பார்த்துத்தான் அவரும் விண்ணப்பித்தார். அந்த நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில், பாடிவிட்டு நிற்கும் சிறுவர் சிறுமியருக்கு எதிரே இசைத்தட்டு நிறுவனங்களின் ஆட்களும் ஜிமுஷோ ஆட்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வேண்டும் என்று நினைப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் பெயர் எழுதிய அட்டையை உயர்த்துவார்கள். வெளிப்படையாக நடக்கும் ஏலம் என்று அதைச் சொன்னால் தவறாகாது. 1972 டிசம்பரில் மொமொயே இரண்டாம் இடம் பெற்றார். ஹோரிப்ரோ என்ற ஜிமுஷோவும் சிபிஎஸ் சோனி என்ற இசைத்தட்டு நிறுவனமும் அவரை எடுத்துக்கொண்டன. அந்தத் தேர்வின்போது நடுவராக இருந்த பாடலாசிரியர் அகு யூ, இளம் நடிகர் ஒருவருக்குத் தங்கையாக நடிப்பது போன்ற வேடங்களுக்கு வேண்டுமானால் நீ பொருந்துவாய், பாட்டை மறந்துவிடுவது நல்லது என்ற பொருளில் அவரிடம் சொல்லியிருக்கிறார். சகுராதா ஜுன்கோவுக்கும் மோரி மசாகோவுக்கும், பின்னர் பிங்க் லேடி என்ற இருவர் பாடகியர் குழுவுக்கும் வரிசையாக வெற்றிப் பாடல்களை எழுதிக் குவித்த அகு யூ, மொமொயேக்கு ஒரு பாட்டுக்கூட எழுதியதில்லை. நடிகையாகலாம், பாடகியாக முடியாது என்ற அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் அடுத்த ஏழு ஆண்டுகள் சுவையாக இருக்கும்.

தொடக்கம் அகு யூவின் பக்கமே சாய்ந்தது. 1973 மே மாதம் வெளிவந்த முதல் பாட்டு 'தோஷிகொரோ' (பருவம்) எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மோரி மசாகோ, சகுராதா ஜுன்கோ ஆகியோரோடு சேர்த்து, மூவரும் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டில் இருந்ததை வைத்து, 'மலர்போன்ற மூன்றாமாண்டு மூவர்' என்ற பொருளில் அவர்களுக்கு ஒரு கூட்டுப் பெயர் சூட்டப்பட்டது; மூவரில் பின்தங்கி நின்றவர் மொமொயே. மோரியின் குரல் எங்கா எனப்படும் பழைய பாணிப் பாட்டுக்கே பிறந்தது. சகுராதா சிரித்தால் அரங்கமே வெளிச்சமாகும். மொமொயேயிடம் இருந்தது தாழ்ந்த, சற்றே இருண்ட ஒரு குரலும், எளிதில் சிரிக்காத ஒரு முகமும்.

சிபிஎஸ் சோனியின் தயாரிப்பாளர் சகாய் மசாதோஷியும் அவருடைய குழுவும் இந்த இருட்டையே மூலதனமாக்கினார்கள். 1973 செப்டம்பரில் வந்த இரண்டாவது பாட்டான 'அவோய் காஜித்சு' (கனியாத பழம்), காதலனுக்குத் தன்னையே ஒப்புக்கொடுக்கத் தயாராக நிற்கும் ஒரு பெண்ணின் கூற்றாக எழுதப்பட்டது. அதைப் பாடியவருக்கு வயது 14. பாட்டு விற்றது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், செங்கே காசுயா எழுதி தொகுரா ஷுன்இச்சி இசையமைத்த 'ஹிதோ நாத்சு நோ கெய்கென்' (ஒரு கோடையின் அனுபவம்) அதே வழியில் இன்னும் ஓர் அடி முன்னே போனது. பெண்ணிடம் உள்ள மிக மதிப்புள்ளதை உனக்குத் தருகிறேன் என்று தொடங்கும் அந்தப் பாட்டு ஆரிகான் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. புத்தாண்டுக்கு முந்திய இரவில் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பும் கோஹாகு பாடல் போட்டியில் அவர் முதன்முதலாக மேடையேறியதும் அந்தப் பாட்டோடுதான்.

இந்தக் கட்டத்தை இன்றைய கண்ணோடு பார்க்கும் எவருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. வளர்ந்த ஆண்கள் உட்கார்ந்து எழுதிய இரட்டைப் பொருளை ஒரு பள்ளிச் சிறுமி வாயால் பாடவைத்து விற்றார்கள் என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. பேட்டிக்கு வந்த செய்தியாளர்களும் அதே சிரிப்போடு, பெண்ணிடம் உள்ள மிக மதிப்புள்ளது எது என்று அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 'மகொகொரோ', அதாவது உண்மையான உள்ளம், என்று ஒரே சொல்லில் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். தவிப்போ கோபமோ காட்டாமல் கேட்டவர் மேலேயே கேள்வியைத் திருப்பிவிடும் அந்தப் பதிலில், பின்னாளைய மொமொயேயின் சாயல் முதன்முதலாகத் தெரிகிறது.

1974இல் நடிப்பும் வேகம் பிடித்தது. குலிகோ நிறுவனத்தின் சாக்லெட் விளம்பரம் ஒன்றுக்காக அவருக்கு இணையாக ஓர் இளைஞர் தேவைப்பட்டார். அப்போது பெரிதாக அறியப்படாத மியுரா தொமொகாசு வந்தார். அந்த விளம்பரத்தை இயக்கியவர், பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான ஒபயாஷி நொபுஹிகோ. அதே ஆண்டு இறுதியில் கவபத்தா யசுநாரியின் கதையைத் தழுவிய 'இசு நோ ஒதொரிகோ' (இசுவின் நாட்டியக்காரி) படத்திலும் இருவரும் நடித்தார்கள். இயக்குநர் நிஷிகவா காத்சுமி 1963இல் யோஷினாகா சயூரியை வைத்து அதே கதையை ஏற்கெனவே ஒருமுறை படமாக்கியிருந்தவர். பழைய வெற்றியைப் புதிய முகத்தோடு திரும்ப எடுப்பது பணம் போட்டவர்களுக்குப் பாதுகாப்பான கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. அதன் பிறகு மிஷிமா யுகியோ, தனிசாகி ஜுன்இச்சிரோ என்று நவீன ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாகப் படங்களாக வந்தன. 1980 வரை இந்த இணை சேர்ந்து நடித்த படங்கள் 12. அவற்றில் தேர்ச்சியுள்ளவை சில உண்டு என்றாலும், நடிகையாக அவரை நாடு முழுவதும் வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது திரையரங்கைக் காட்டிலும் தொலைக்காட்சிதான்.

டிபிஎஸ் தொலைக்காட்சிக்காக தைஎய் தொலைக்காட்சி நிறுவனம் தயாரித்த 'அகாய்' (சிவப்பு) வரிசைத் தொடர்கள் 1974 அக்டோபரில் தொடங்கின. ஒவ்வொரு தொடரின் பெயரும் சிவப்பு என்ற சொல்லோடு ஆரம்பிக்கும். கதைகளுக்குள் தொடர்பு இருக்காது. பிறப்பின் இரகசியம், கொடிய நோய், விபத்து, பிரிந்த தாய், உடன்பிறந்தவன் என்று தெரியாமலே வந்துவிடும் காதல் ஆகியவை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். முதல் தொடரான 'அகாய் மெய்ரோ'வில் (சிவப்புப் புதிர்வழி) உத்சுய் கென்னோடும், பின்னர் அதிரடி நடிகராகப் பெயரெடுத்த மத்சுதா யூசாகுவோடும் நடித்தார். இரண்டாவது தொடரான 'அகாய் கிவாகு' (சிவப்புச் சந்தேகம்) 1975 அக்டோபர் முதல் 1976 ஏப்ரல் வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் 29 வாரம் ஓடியது. இவ்வரிசையின் உச்சம் அதுதான்.

அதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 17 வயது ஒஷிமா சச்சிகோ, தன் தந்தை பணிபுரியும் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போன இடத்தில் கோபால்ட் கதிர்வீச்சுக்கு ஆளாகிறாள். இரத்தப் புற்றுநோய் வருகிறது. இரத்தம் ஏற்ற வேண்டிய கட்டத்தில் அவளுடைய அரிய இரத்த வகை பெற்றோரின் வகையோடு பொருந்தாதது தெரியவருகிறது. அங்கிருந்து ஒரு நூல் பிரிந்து, பாரிஸில் வாழும் அத்தை உண்மையில் யார், சச்சிகோ விரும்பும் மருத்துவ மாணவன் அவளுக்கு என்ன உறவு என்ற கேள்விகளாக நீள்கிறது. தந்தையாக உத்சுய் கென், மருத்துவ மாணவனாக மியுரா தொமொகாசு, பாரிஸ் அத்தையாகக் கிஷி கெய்கோ. எழுதிப் பார்த்தால் மிகையுணர்ச்சிக் கதையின் எல்லாச் சரக்கும் இதில் இருக்கிறது. பின்னணி இசையும் காட்சிக்குக் காட்சி ஓங்கி அடிக்கும். அதன் நடுவே மொமொயே மட்டும் குரலை உயர்த்தாமல், கண்ணை அகல விரிக்காமல், சொல்லும் வசனத்தைக் கொஞ்சம் உள்வாங்கியே பேசுகிறார். தேர்ந்த நடிப்பா, நடிப்புப் பயிற்சி இல்லாததால் வந்த அடக்கமா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சுற்றியுள்ள எல்லாரும் உணர்ச்சியைக் கொட்டும்போது ஒருவர் மட்டும் அதைப் பிடித்துவைத்திருந்தால், பார்ப்பவர் கண் அவர்மேல்தான் போய் நிற்கும்.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பாட்டு, திரைப்படம், மேடை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கிடையே தொடருக்குக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். அவர் வரக்கூடிய சில மணி நேரத்தில் அவருடைய முகம் தெரியும் காட்சிகளை மொத்தமாக எடுத்துவிட்டு, எதிரே நிற்பவர் பேசும் பகுதிகளை வேறொரு நாளில், முதுகைக் காட்டி நிற்கும் மாற்றாளை வைத்து எடுத்தார்கள். மூத்த நடிகர்கள் ஒரு முதுகைப் பார்த்துக் கண்ணீர் விட வேண்டியிருந்தது. 'அகாய் கிவாகு'வில் தாய் வேடத்தைத் தொடங்கியவர் யச்சிகுசா கவோரு. இடையில் அவர் விலக, வதானாபே மிசாகோ அந்த வேடத்தை ஏற்றார். இப்படி ஒட்டுப்போட்டு எடுக்கப்பட்ட தொடர்தான் 1980களின் நடுவில் சீனாவில் ஒளிபரப்பாகி, அந்நாட்டுப் பார்வையாளர்களை உலுக்கியது. கலாசாரப் புரட்சிக் காலம் முடிந்து வெளிநாட்டுத் தொடர்கள் அப்போதுதான் வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. சச்சிகோவின் சிகையலங்காரத்தையும் உடையையும் சீனப் பெண்கள் பின்பற்றினார்கள். அதற்குள் மொமொயே நடிப்பை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜப்பானில் அவரை முதலில் பாடகியாகவே நினைப்பவர்கள் அதிகம். சீனாவில் ஒரு தலைமுறைக்கு அவர் சச்சிகோ. பாடகியா நடிகையா என்ற கேள்விக்கு எந்த நாட்டில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது.

1976இல் 'அகாய் உன்மெய்' (சிவப்பு விதி), அதைத் தொடர்ந்து 'அகாய் ஷோகெகி' (சிவப்பு அதிர்ச்சி), 1977 இறுதியில் 'அகாய் கிசுனா' (சிவப்புப் பந்தம்) என்று வரிசை நீண்டது. இவற்றைப் பற்றித் தனித்தனியே சொல்ல அதிகம் இல்லை. அச்சு ஒன்றே, வார்ப்பு மட்டும் வேறு.

பாட்டில்தான் திருப்பம் வந்தது. 1976 ஜூன் மாதம் வெளியான 'யோகோசுகா ஸ்டோரி'யிலிருந்து அவரை வேறொரு பாடகி என்றே சொல்லலாம். அதுவரை செங்கே காசுயாவும் தொகுரா ஷுன்இச்சியும் அமைத்த பாதையில் போய்க்கொண்டிருந்த மொமொயே, டவுன் டவுன் பூகி வூகி பேண்ட் என்ற ராக் குழுவின் தலைவர் உசாகி ரியூதோவின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இவர் இசையில் பாட விரும்புகிறேன் என்று தாமே நிறுவனத்திடம் சொன்னார். தொழிலாளர் அணியும் வெள்ளை முழுஉடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்த ஒரு ராக் பாடகரை, பள்ளி மாணவியாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பாடகி கேட்டு வாங்கியது அன்றைய துறையில் வழக்கமே இல்லாத செயல். உசாகி இசையமைக்க, அவர் மனைவி அகி யோகோ பாட்டெழுதினார். யோகோசுகாவின் செங்குத்தான தெருவை ஓடி ஏறினால் இன்றும் கடல் தெரியுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். பக்கத்தில் இருக்கும் ஆணின் மனம் அவளிடம் இல்லை. இத்தோடு முடிந்ததா என்று அவள் மூன்று முறை, நான்கு முறை கேட்கிறாள். கெஞ்சல் இல்லை, விடை தெரிந்தே கேட்கும் கேள்வி. அவருடைய பாட்டுகளிலேயே மிக அதிகம் விற்றது இதுதான்.

இங்கே மாறியது என்ன என்றால், பாட்டின் பார்வை. முன்பு ஆண்கள் கற்பனை செய்த ஒரு சிறுமியின் வாக்குமூலம். இப்போது ஒரு பெண் எழுதி ஒரு பெண் பாடும் கூற்று. அகி யோகோ எழுதிய பெண்கள் ஆணை நேராகப் பார்த்துப் பேசுவார்கள், வேண்டியபோது திட்டுவார்கள், காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவார்கள். 1977இன் 'இமிட்டேஷன் கோல்ட்' பாட்டில், இப்போதைய காதலனைப் போன வருடத்து ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் ஒருத்தி. 18 வயதில் மொமொயே அதைப் பாடியபோது அந்தத் தாழ்ந்த குரல் முதன்முறையாகத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 1974இன் பதிவுகளையும் 1977இன் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், சுருதியில் மட்டும் வந்த தேர்ச்சி இல்லை என்பது புரியும்; முன்பு சொற்களைப் பாடியவர், இப்போது சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாடுகிறார்.

அதே ஆண்டு அக்டோபரில், இதற்கு நேர் எதிர்த் திசையில், சாதா மசாஷி எழுதி இசையமைத்த 'கொசுமொசு' வந்தது. இலையுதிர்காலத்து இளவெயில், வெளியே வெளிர்சிவப்பு காஸ்மாஸ் பூக்கள், முற்றத்தில் ஒரு தாய் மெல்ல இருமிவிட்டு, திண்ணையில் பழைய புகைப்படத் தொகுப்பைப் புரட்டி, மகளின் சிறுவயதுக் கதைகளையே தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் மறுபடி மறுபடி சொல்கிறாள், மறுநாள் திருமணமாகிப் போகப்போகும் மகள் பெட்டி கட்டிக்கொண்டே கேட்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் உன் குழந்தையாகவே இருக்கவிடு என்று மகள் நினைக்கும் இடத்தில் மொமொயே குரலை அழுத்தாமல் அப்படியே விட்டுவிடுகிறார். தாய் ஒருத்தியே பாடுபட்டு வளர்த்த மகள் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பாட்டு இரட்டிப்பாகத் தைத்தது. ஆணைச் சாடும் பாட்டும் தாய்க்கு விடைசொல்லும் பாட்டும் ஒரே ஆண்டில் ஒரே குரலில் வெளிவந்து இரண்டுமே நின்றன. ஒரு நடிகை இரண்டு வேடங்களுக்கிடையே மாறுவதைப் போன்றதே இது. தொடர்களில் கற்றது பாட்டுக்குப் பயன்பட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

1978 அவருடைய உச்ச ஆண்டு. ஜனவரி 19 அன்று டிபிஎஸ் 'தி பெஸ்ட் டென்' (சிறந்த பத்து) என்ற பாடல் தரவரிசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. முதல் ஒளிபரப்பிலேயே ஒரு சோதனை: அன்றைய பெரிய நட்சத்திரமான மொமொயேயின் இரண்டு பாட்டுகளும் 11, 12ஆம் இடங்களில் நின்றன. பட்டியலைச் சற்றே நகர்த்தினால் அவரை அழைத்துவிடலாம், தயாரிப்பாளர்கள் நகர்த்தவில்லை. மொமொயே இல்லாமல் முதல் நிகழ்ச்சி போனது, அந்த நேர்மையினாலேயே நிகழ்ச்சிக்கு நம்பகத்தன்மை வந்தது என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். மே மாதம் வந்த 'பிளேபேக் பார்ட் 2', அகி, உசாகி இணையின் துணிச்சலான ஆக்கம். சிவப்புப் போர்ஷே காரில் தனியாகப் போகிற பெண். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரன் கத்துகிறான். அவளும் பதிலுக்குக் கத்துகிறாள். பாட்டின் நடுவே இசை முழுவதும் திடீரென்று நின்றுபோகும். ஒரு கணம் எதுவும் கேட்காது. பிறகு மீண்டும் பிடித்துக்கொள்ளும். வானொலியில் முதன்முறை கேட்டவர் கருவி பழுதாகிவிட்டதோ என்று நினைத்திருந்தால் வியப்பில்லை. வணிகப் பெயர்களை ஒலிபரப்பக் கூடாது என்ற விதி என்எச்கேயில் இருந்ததால், அதன் இசை நிகழ்ச்சியில் போர்ஷே என்பதைக் கார் என்று மாற்றிப் பாட நேர்ந்தது.

அந்த ஆண்டு கோஹாகுவில் பெண்கள் அணியின் கடைசிப் பாடகியாக அவரை நிறுத்தினார்கள். 'தொரி' எனப்படும் அந்த இடம் வழக்கமாக மூத்த எங்கா பாடகர்களுக்கு உரியது. 19 வயதுப் பெண் ஒருத்தி அங்கே நின்றது அதற்கு முன் நடந்ததில்லை. ஆண்கள் அணியில் அவருக்கு இணையாகக் கடைசியில் பாடியவர் சவாதா கென்ஜி. இவ்வளவுக்கும், ஜப்பான் ரெக்கார்டு விருதின் முதற்பரிசு அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை; 1977இல் சவாதா கென்ஜியும், 1978இல் பிங்க் லேடியும், 1979இல் ஜூடி ஓங்கும் அதைப் பெற்றார்கள். 1978 நவம்பரில் தானிமுரா ஷின்ஜி எழுதி இசையமைத்த 'ஈ ஹி தபிதாச்சி' (நல்ல நாளில் ஒரு பயணம்) தேசிய ரயில்வேயின் சுற்றுலா விளம்பரத்துக்காக வந்தது. பிற்காலத்தில் மேற்கு ஜப்பான் ரயில்வேயின் ஷின்கான்சென் அதிவேக வண்டிகளில் அறிவிப்புகளுக்கு முன் அந்த மெட்டு ஒலிக்கத் தொடங்கியது.

உச்சியில் இருந்தபோதே விலகும் முடிவு வந்தது. 1979 அக்டோபர் 20 அன்று ஒசாகாவில் நடந்த கச்சேரியின் நடுவே, தமக்குப் பிடித்தவர் மியுரா தொமொகாசு என்று அவரே மேடையில் சொன்னார். இளம் பாடகி ஒருத்திக்குக் காதலன் இருக்கிறான் என்பது அந்தத் துறையில் மறைக்கப்பட வேண்டிய செய்தி; பத்திரிகை வெளியிடும், ஜிமுஷோ மறுக்கும், அதுதான் நடைமுறை. அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. 1980 மார்ச் 7 அன்று திருமண நிச்சயத்தையும் முழு விலகலையும் அறிவித்தார். அதற்கு முன் கேண்டீஸ் என்ற பாடகியர் குழுவின் மூவரும் சாதாரணப் பெண்களாக வாழ விரும்புகிறோம் என்று சொல்லி 1978 ஏப்ரலில் பிரிந்திருந்தார்கள். அவர்களில் சிலர் பின்னர் திரும்பி வந்தார்கள். மொமொயேயின் அறிவிப்பில் திரும்பி வருவதற்கான இடைவெளி விடப்படவில்லை.

வேலையை விட்டுக் குடும்பத்துக்குப் போனது பழைய பெண் இலட்சியத்துக்குப் பணிந்ததாகாதா என்று பெண்ணியவாதிகள் அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துணிச்சலான பெண்களைப் பாடிவிட்டு இறுதியில் மனைவியாக வீட்டுக்குள் போனார் என்பது முரண்பாடாகவே தோன்றும். என் கருத்து இது: 13 வயதிலிருந்து அவருடைய ஒவ்வொரு நாளையும் வேறு யாரோ பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் பெயரால் ஒரு பெரும் வணிகமே நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்து என்று சொல்ல அவருக்கிருந்த ஒரே வழி முழுவதுமாக நிறுத்துவதுதான். பாதி நேரம் மட்டும் நடிகையாக இருக்கவோ, ஆண்டுக்கு ஒரு பாட்டு மட்டும் பாடவோ அந்த அமைப்பு விட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

1980 செப்டம்பரில் அவருடைய தன்வரலாறு 'அவோய் தோகி' வெளிவந்து, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பதிப்புப் பணியை ஏற்றவர் சன்மா ரியெகோ. நட்சத்திரங்களின் பெயரில் வரும் புத்தகங்களை வேறு யாரோ எழுதித் தருவது வழக்கமாக இருந்த காலத்தில், இதை மொமொயே தாமே எழுதினார். திருமணத்துக்கு வெளியே பிறந்தது, தம் புகழுக்குப் பிறகு தந்தை உரிமை கோரி வந்தது, அவரைத் தந்தையாக ஏற்க மறுத்தது, உடலும் காதலும் பற்றிய எண்ணங்கள் என எல்லாவற்றையும் வறண்ட, சுருக்கமான நடையில் எழுதியிருக்கிறார். அக்டோபர் 5 அன்று நிப்பான் புதோகானில் கடைசிக் கச்சேரி. தம் விருப்பத்துக்கு இடம்கொடுத்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லி, மகிழ்ச்சியாக இருப்பேன் என்றார். 'சயோனாரா நோ முகோகவா' பாட்டைக் கண்ணீரோடு பாடி முடித்து, வெள்ளை ஒலிவாங்கியை மேடை நடுவில் வைத்துவிட்டு நடந்தார். நவம்பர் 19 அன்று அகசாகாவில் உள்ள ரெய்னன்சாகா தேவாலயத்தில் திருமணம். அன்றே அவர் யோகோசுகா கெய் என்ற புனைபெயரில் எழுதிய 'இச்சியே' பாட்டும் வெளியானது. விலகிய பிறகும் அந்த நவம்பரில் 'அகாய்' வரிசையின் நிறைவாக 'அகாய் ஷிசென்' இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பானது என்பதால், தொலைக்காட்சி ரசிகர்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது நடிகையாகத்தான்.

அதன் பிறகு அவர் மியுரா மொமொயே. ஊடகங்கள் பல ஆண்டுகள் வீட்டு வாசலில் காத்திருந்தன. மேடைக்கு வரும்படி கேட்காத நிறுவனம் இல்லை என்றே சொல்லலாம். கணவர் நடிப்பைத் தொடர்ந்தார். மகன்கள் யூதாரோவும் தகஹிரோவும் பாடகராகவும் நடிகராகவும் வந்தார்கள். 2019இல் தாம் தைத்த குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்) வேலைப்பாடுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். பொது வெளியில் அவர் பெயர் தாங்கி வந்த அரிய படைப்பு அது. 2020 மே மாதம் அவருடைய பாட்டுகள் ஒட்டுமொத்தமாக இணைய இசைத் தளங்களில் வெளியாயின. புதோகான் கச்சேரியின் பதிவை 2021 ஜனவரியில் என்எச்கே ஒளிபரப்பியபோது, அவர் பாடிய காலத்தில் பிறந்தே இராதவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். 1973, 74ஆம் ஆண்டுப் பாட்டுகள் பலரைத் துரத்திவிடும். 'யோகோசுகா ஸ்டோரி', 'இமிட்டேஷன் கோல்ட்', 'கொசுமொசு', 'பிளேபேக் பார்ட் 2' ஆகிய நான்கையும் இதே வரிசையில் கேளுங்கள். பிடித்திருந்தால் லண்டனில் பதிவான 1977ஆம் ஆண்டு 'கோல்டன் ஃபிளைட்' தொகுப்புக்குப் போகலாம். நடிப்பைப் பார்க்க விரும்புபவர், 29 வாரக் கண்ணீருக்குப் பொறுமை இருந்தால் 'அகாய் கிவாகு'விலும், இல்லையென்றால் இச்சிகவா கொன் இயக்கத்தில் இரட்டைச் சகோதரிகளாக அவர் நடித்த கடைசிப் படமான 'கொதோ'விலும் தொடங்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் தொடரையே சொல்வேன். படத்தில் இயக்குநரின் கை தெரிகிறது, தொடரில் மொமொயே தெரிகிறார்.